கடிதத்துக்குச் சிறகு கட்டியவர்

பெரம்பலூரிலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது வேப்பந்தட்டை. ஒரு பக்கம் பச்சைமலை. சுற்றிலும் பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரிப் பூமி. அங்கே விமான நிலையம் கிடையாது. ரெயில் நிலையமும் கிடையாது. ஆனால் சம்பாத்தியத்துக்காகக் கடல் கடந்து போன பிள்ளைகள் உள்ள வீடுகள் அந்த வட்டாரத்தில் உண்டு. அவர்கள் பஸ் ஏறித் திருச்சிக்குப் போகிறார்கள். அங்கிருந்து விமானம் ஏறுகிறார்கள்.

மகன் சிங்கப்பூருக்குப் புறப்படுகிறான் என்றால், பெற்ற தாய் எத்தனை மைல் என்று கேட்பதில்லை. போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்றுதான் கேட்கிறாள்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர், ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 3,000 கிலோமீட்டர். துபாயும் ஏறக்குறைய அதே தொலைவுதான். ஒன்று கிழக்கே, மற்றொன்று மேற்கே. இரண்டுக்கும் சுமார் நான்கு மணி நேரப் பயணம். வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் சென்னை போய்ச் சேருவதற்குக்கூட இதைவிட அதிக நேரம் பிடிக்கும்!

அந்தக் காலத்தில் கப்பலில் போனவர்கள் நாள் கணக்கில் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பூமி அன்றும் இதே அளவில்தான் இருந்தது. தூரம் ஓர் அங்குலமும் குறையவில்லை. குறைந்தது நேரம் மட்டுமே.

அந்த நேரத்தை நம் நாட்டில் குறைத்துக் காட்டிய மனிதர் ஒருவர் உண்டு. அவர் பெரிய தொழிலதிபர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் தபால் மூட்டையைச் சுமந்துகொண்டு, ஒற்றை என்ஜின் விமானத்தைத் தாமே ஓட்டிச் சென்றவர் என்பது பலருக்குத் தெரியாது. அவர்தான் ஜே. ஆர். டி. டாட்டா.

பாரீசில் பிறந்த பிள்ளை

ஜஹாங்கீர் ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா என்பது அவருடைய முழுப் பெயர். 1904ஆம் ஆண்டு ஜூலை 29ந் தேதி பாரீஸ் நகரில் பிறந்தார். தந்தை ரத்தன்ஜி தாதாபாய் டாட்டா, பம்பாய்ப் பார்சி வகுப்பைச் சேர்ந்தவர். டாட்டா நிறுவனங்களைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜி டாட்டாவுக்கு உறவினர், தொழிலில் பங்காளி. தாய் சுசான் பிரெஞ்சுப் பெண்மணி.

தந்தையின் வியாபாரம் பல நாடுகளில் நடந்தது. அதனால் குடும்பம் பிரான்சிலும் இந்தியாவிலும் ஜப்பானிலும் மாறி மாறி வாழ்ந்தது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கப்பலில் போய்ச் சேர வாரக்கணக்கில் ஆகும். தூரம் என்றால் என்ன, பிரிவு என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளை சிறு வயதிலேயே தெரிந்துகொண்டது.

பிரான்சின் வடக்குக் கடற்கரையில் ஹார்டெலோ என்று ஓர் ஊர். டாட்டா குடும்பத்துக்கு அங்கே ஒரு வீடு இருந்தது. அதே ஊரில் லூயி பிளேரியோ என்பவருக்கும் வீடு இருந்தது. இந்தப் பிளேரியோ சாதாரண ஆள் அல்ல. 1909ஆம் ஆண்டு ஜூலை 25ந் தேதி, பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே உள்ள ஆங்கிலக் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டிய வீரர். தாண்டிய தூரம் சுமார் 38 கிலோமீட்டர். பிடித்த நேரம் சுமார் 37 நிமிடம்.

இன்று கேட்டால் இது ஒரு தூரமா என்று தோன்றும். ஆனால் அன்று உலகமே வியந்து நின்றது. அண்டை வீட்டுக்காரர் ஆகாயத்தில் பறந்தால் பக்கத்து வீட்டுப் பையன் சும்மா இருப்பானா? ஜஹாங்கீருக்கும் பறக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. 15 வயதில், அதே கடற்கரையில், காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றிச் சுற்றிக் காட்டும் ஒரு விமானத்தில் ஏறினார். அன்றே விமானி ஆவதென்று தீர்மானித்துவிட்டார். அந்தத் தீர்மானம் கைகூட இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

சம்பளம் இல்லாத வேலை

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படிக்க வேண்டும் என்று விரும்பினார் ஜே. ஆர். டி. தந்தையோ 1925ஆம் ஆண்டில் அவரைப் பம்பாய்க்கு அழைத்துக்கொண்டார். டாட்டா நிறுவனத்தில் சம்பளம் இல்லாமல் வேலை பழகும் ஆளாகச் சேர்ந்தார். மறு ஆண்டே தந்தை காலமானார். தாய் அதற்கு முன்பே இறந்துவிட்டார். 22 வயதில் குடும்பப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில் விழுந்தது.

கல்லூரிப் படிப்பு இல்லையே என்ற குறை அவருக்கு வாழ்நாள் முழுவதும் இருந்தது. அந்தக் குறையை விடாமல் படித்தும், கேட்டும், கவனித்தும் ஈடு செய்தார்.

1929ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியுரிமையைக் கைவிட்டார். அதே ஆண்டில்தான் பழைய ஆசையும் நிறைவேறியது. பம்பாயில் புதிதாகத் தொடங்கிய விமானப் பயிற்சிச் சங்கத்தில் சேர்ந்தார். சில மணி நேரப் பயிற்சியிலேயே தனியாகப் பறக்கும் திறமை வந்துவிட்டது. 1929ஆம் ஆண்டு பிப்ரவரி 10ந் தேதி அவருக்கு விமானி லைசென்ஸ் கிடைத்தது. அதன் எண் 1. இந்தியாவில் தேர்வு பெற்று வழங்கப்பட்ட முதல் லைசென்ஸ் அதுதான்.

நான்கு ஸ்பார்க் பிளக்

அந்தச் சமயத்தில் ஆகா கான் ஒரு பரிசு அறிவித்தார். இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாக விமானம் ஓட்டிச் செல்லும் முதல் இந்தியருக்கு 500 பவுன் பரிசு. எந்தப் பக்கத்திலிருந்து வேண்டுமானாலும் புறப்படலாம். ஒரு மாதத்துக்குள் பயணத்தை முடிக்க வேண்டும்.

மூன்று இளைஞர்கள் களத்தில் இறங்கினார்கள். மன்மோகன் சிங், ஆஸ்பி என்ஜினீயர் என்ற இருவரும் இங்கிலாந்திலிருந்து புறப்பட்டார்கள். ஆஸ்பிக்கு வயது 17. ஜே. ஆர். டி. மட்டும் 1930ஆம் ஆண்டு மே 3ந் தேதி கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார்.

கராச்சிக்கும் லண்டனுக்கும் இடையே விமானங்கள் அன்று சென்ற வழி சுமார் 5,000 மைல். இவர்கள் ஓட்டியது சின்னஞ்சிறு ஜிப்சி மாத் விமானம். மேலே மூடி கிடையாது. வெயிலும் காற்றும் முகத்தில் அடிக்கும். வழி காட்ட ரேடியோ இல்லை. ஒரு திசைகாட்டி, ஒரு வரைபடம், கீழே தெரியும் ஆறு, ரெயில் பாதை, கடற்கரை ஆகியவைதான் துணை. இருட்டுவதற்குள் எங்காவது இறங்கியாக வேண்டும்.

எகிப்து நாட்டில் அபூகிர் என்ற இடத்தில் ஜே. ஆர். டி. இறங்கினார். அங்கே ஆஸ்பி என்ஜினீயர் மேலே போக முடியாமல் நின்றுகொண்டிருந்தார். அவருடைய விமானத்துக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்பட்டது. அந்த இடத்தில் அது கிடைக்கவில்லை. ஜே. ஆர். டி.யிடம் உபரியாக ஸ்பார்க் பிளக்குகள் இருந்தன.

இருவரும் போட்டியாளர்கள். கொடுக்காமல் போயிருந்தால் கேட்பார் இல்லை. ஆனால் ஜே. ஆர். டி. நான்கு பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார். ஆஸ்பி பதிலுக்குத் தம்மிடம் இருந்த உயிர் காக்கும் மிதவைச் சட்டையைக் கொடுத்தார். கடலுக்கு மேல் பறக்க வேண்டியவருக்கு அதைவிட நல்ல பரிசு எது?

ஆஸ்பி கிழக்கே பறந்தார். ஜே. ஆர். டி. மேற்கே பறந்தார். ஆஸ்பிதான் முதலில் பயணத்தை முடித்தார். பரிசு அவருக்கே போயிற்று. மன்மோகன் சிங்கும் பயணத்தை முடித்தார்; ஆனால் ஒரு மாதக் கெடுவைத் தாண்டிவிட்டார். ஆஸ்பி பிற்காலத்தில் விமானப் படையில் சேர்ந்து உயர்ந்து, 1960ஆம் ஆண்டு இந்திய விமானப் படையின் தலைமைத் தளபதி ஆனார். நான்கு பிளக்குகளால் ஜே. ஆர். டி. இழந்தது ஒரு பரிசு. நாட்டுக்குக் கிடைத்தது ஒரு தளபதி.

கராச்சியில் இறங்கிய தபால்

1929ஆம் ஆண்டிலேயே லண்டனிலிருந்து கராச்சி வரை இம்பீரியல் ஏர்வேஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி விமானத் தபால் கொண்டு வந்தது. லண்டனிலிருந்து கராச்சி வர ஒரு வாரம். அங்கிருந்து தெற்கே வரவேண்டிய கடிதம் என்ன ஆகும்? ரெயில் ஏறும். பாலைவனமும் ஆறும் மலையும் தாண்டி, வண்டி மாறி வண்டி ஏறி, நாள் கணக்கில் பயணம் செய்து சென்னை வந்து சேரும். ஐந்தாயிரம் மைலைப் பறந்து கடந்த கடிதம், சொந்த நாட்டுக்குள் வந்ததும் தவழ ஆரம்பித்தது!

இதைக் கவனித்தவர் நெவில் வின்சென்ட் என்ற விமானி. தென் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர். ஆங்கிலேய விமானப் படையில் இருந்தவர். இந்தியா முழுவதும் சுற்றி விமானம் ஓட்டியவர். கராச்சியில் இறங்கும் தபாலை எடுத்துக்கொண்டு பம்பாய் வழியாகச் சென்னை வரை பறந்தால் என்ன என்று அவர் ஒரு திட்டம் போட்டார். அதை ஜே. ஆர். டி.யிடம் கொண்டு வந்தார்.

ஜே. ஆர். டி.க்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல. ஆனால் நிறுவனத்தின் தலைவர் தோராப்ஜி டாட்டாவின் சம்மதம் வேண்டும். முதலீடு 2 லட்சம் ரூபாய். அது அன்று பெரிய தொகை. லாபம் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. இருந்தும் தோராப்ஜி இசைந்தார்.

அரசாங்கம் அசையவில்லை. மானியம் தர மறுத்தது. திட்டம் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது. திரும்பத் திரும்ப ஒதுக்கப்பட்டது. கடைசியில், மானியமே வேண்டாம், தபாலின் எடைக்கு ஏற்பக் கூலி கொடுத்தால் போதும் என்ற நிபந்தனையில் 1932ஆம் ஆண்டு ஏப்ரலில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஜூன் மாதத்திலேயே தோராப்ஜி டாட்டா காலமானார். அவர் ஒப்புக்கொடுத்த பணத்தில் வாங்கிய விமானம் தபாலோடு பறந்ததை அவர் பார்க்கவில்லை.

அக்டோபர் 15

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ந் தேதி. சனிக்கிழமை. கராச்சி திரிக் ரோடு விமானத் திடல். காலை 6 மணி 35 நிமிடம்.

பஸ் மாத் என்ற ஒற்றை என்ஜின் விமானம் தயாராக நின்றது. அதில் ஏற்றிய தபால் சுமார் 25 கிலோ. நம் ஊரில் சின்ன வெங்காயம் கட்டும் மூட்டை ஒன்றில் பாதி எடைகூட இருக்காது! விமானியின் இருக்கையில் 28 வயது ஜே. ஆர். டி. வேறு பயணிகள் இல்லை.

விமானம் ஆமதாபாத்தில் இறங்கியது. பெட்ரோல் போட வேண்டும். அங்கே பம்பு கிடையாது, லாரி கிடையாது. தகர டின்களில் அடைத்த பெட்ரோல் மாட்டு வண்டியில் வந்தது. அதை விமானத்தில் ஊற்றிக்கொண்டு மீண்டும் கிளம்பினார். பிற்பகல் 1 மணி 50 நிமிடத்துக்குப் பம்பாய் ஜுஹூ கடற்கரை ஓரத் திடலில் இறங்கினார்.

அங்கே வின்சென்ட் தயாராக இருந்தார். சென்னைக்கு உரிய தபாலை மற்றொரு விமானத்தில் ஏற்றிக்கொண்டு பெல்லாரி நோக்கிப் பறந்தார். இரவு பறக்க வசதி இல்லை. ஆகவே பெல்லாரியில் இரவு தங்கினார். மறுநாள் சென்னை போய்ச் சேர்ந்தார்.

கணக்குப் பார்ப்போம்

கராச்சியிலிருந்து ஆமதாபாத் ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 600 கிலோமீட்டர். அங்கிருந்து பம்பாய் 440 கிலோமீட்டர். ஆகமொத்தம் 1,040. பஸ் மாத் விமானத்தின் வேகம் மணிக்கு சுமார் 160 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம் வரும். ஆனால் ஜே. ஆர். டி.க்கு ஆனது 7 மணி 15 நிமிடம். மீதி முக்கால் மணி எங்கே போயிற்று? இறங்கியதிலும், பெட்ரோல் ஊற்றியதிலும், மறுபடி ஏறியதிலும் போயிற்று.

பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னையும் ஏறக்குறைய அதே 1,040 கிலோமீட்டர்தான். ஆனால் அது அன்று முடியவில்லை. நடுவே ஓர் இரவு வந்துவிட்டது.

விமானப் பயணக் கணக்கில் இதுதான் முதல் பாடம். தூரத்தை வேகத்தால் வகுத்தால் மட்டும் விடை வராது. நடுவில் எத்தனை இடத்தில் இறங்க வேண்டும், இருட்டில் பறக்க முடியுமா, எதிர்காற்று அடிக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் விடை. ஜே. ஆர். டி. தம் வாழ்நாளில் பெரும் பகுதியை இந்த நடுவில் உள்ள தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவதில்தான் செலவிட்டார்.

ஓலைக் கொட்டகையும் ஒழுங்கும்

புதிய விமானத் தபால் சேவைக்கு ஜுஹூவில் இருந்தது ஓர் ஓலைக் கொட்டகை. இரண்டே விமானங்கள். விரல் விட்டு எண்ணக்கூடிய ஊழியர்கள். மழைக்காலம் வந்தால் திடல் சேறாகிவிடும். உடனே மூட்டை முடிச்சோடு பூனாவுக்குப் போய் அங்கிருந்து பறப்பார்கள். மழை விட்டதும் திரும்பி வருவார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மேல் மழை மேகம் கவிந்திருக்கும்போது ரேடியோ இல்லாமல் பறப்பது உயிரோடு விளையாடுவது. இருந்தும் முதல் ஆண்டில் தபால் தவறாமல் குறித்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அரசாங்கமே பாராட்டியது. அந்த ஆண்டில் பறந்த தூரம் 1,60,000 மைல். சுமந்த தபால் 10 டன்னுக்கும் மேல். ஏற்றிச் சென்ற பயணிகள் 155 பேர். கிடைத்த லாபம் 60,000 ரூபாய்.

நம் பக்கத்து ஆகாயம்

1935ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து திருவனந்தபுரத்துக்கு விமானம் விட்டார்கள். 1938ஆம் ஆண்டு பிப்ரவரியில், சென்னையோடு நின்றிருந்த தபால் விமானத்தைத் திருச்சி வழியாகக் கொழும்பு வரை நீட்டினார்கள்.

வரைபடத்தை எடுத்து, சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு நேர்க்கோடு போட்டுப் பாருங்கள். அது பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவே செல்லும். இந்தச் சீமையின் ஆகாயம் அப்படித்தான் ஒரு தபால் பாதையின் ஓரமாயிற்று.

அப்போது திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன குடும்பங்கள் ஏராளம். கடிதம் ஒன்றுதான் அவர்களுக்கும் ஊருக்கும் இருந்த தொடர்பு. தாய்க்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி ஒரு நாள் முந்திப் போவதும் பிந்திப் போவதும் ஒன்றாகுமா? கடைசியாக முகம் பார்ப்பதும் பார்க்காமல் போவதும் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

அதே 1938ஆம் ஆண்டில் ஜே. ஆர். டி. டாட்டா நிறுவனங்கள் அனைத்துக்கும் தலைவர் ஆனார். வயது 34. பிறகு வந்தது உலகப் போர். 1942ஆம் ஆண்டு நெவில் வின்சென்ட் இங்கிலாந்திலிருந்து திரும்பும் வழியில், அவர் வந்த விமானம் போரில் வீழ்த்தப்பட்டு மாண்டார். ஓலைக் கொட்டகை நாளிலிருந்து உடன் நின்ற தோழரை ஜே. ஆர். டி. இழந்தார்.

லண்டனுக்கு நேரே

போர் முடிந்தது. 1946ஆம் ஆண்டு டாட்டா விமானக் கம்பெனி ஏர் இந்தியா என்று பெயர் மாறியது. நாடு சுதந்திரம் அடைந்தது. நம் நாட்டு விமானம் லண்டன் வரை போக வேண்டும் என்று ஜே. ஆர். டி. ஆசைப்பட்டார்.

1948ஆம் ஆண்டு ஜூன் 8ந் தேதி இரவு, மலபார் பிரின்சஸ் என்ற நான்கு என்ஜின் விமானம் பம்பாயிலிருந்து புறப்பட்டது. 35 பயணிகள். அவர்களில் ஜே. ஆர். டி.யும் அவருடைய மனைவி தெல்மாவும் இருந்தார்கள். கெய்ரோவிலும் ஜெனீவாவிலும் இறங்கி, சுமார் 5,000 மைலைக் கடந்து ஜூன் 10ந் தேதி லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். 18 ஆண்டுகளுக்கு முன் அவர் தனியாக ஜிப்சி மாத் விமானத்தில் ஒரு வாரத்துக்கும் மேலாக அல்லாடிய அதே திசைதான்!

ஆனால் ஆகாயம் எப்போதும் அன்பாக இருப்பதில்லை. 1950ஆம் ஆண்டு நவம்பர் 3ந் தேதி, அதே மலபார் பிரின்சஸ் ஜெனீவாவை நெருங்கும் வேளையில், ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளான் சிகரத்தில் மோதியது. அதில் இருந்த 48 பேரும் இறந்தார்கள். நேரத்தைக் குறைக்கும் முயற்சிக்கு மனிதர்கள் கொடுத்த விலை சின்னதல்ல.

1960ஆம் ஆண்டு ஏர் இந்தியாவுக்குப் போயிங் 707 ஜெட் விமானம் வந்தது. 1962ஆம் ஆண்டு ஜெட் விமானங்களை மட்டுமே ஓட்டும் கம்பெனியாக ஏர் இந்தியா மாறியது. நடுவே இறங்குவது படிப்படியாகக் குறைந்தது. இப்போது பம்பாயிலிருந்து லண்டனுக்கு ஆகாய மார்க்கமாக ஏறக்குறைய 7,200 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் ஒன்பது, பத்து மணி நேரத்தில் போய்விடுகிறார்கள்.

போகும் நேரமும் வரும் நேரமும் ஏன் வேறு?

லண்டனுக்குப் போக ஆகும் நேரத்தைவிடத் திரும்பி வர ஆகும் நேரம் பெரும்பாலும் குறைவு. காரணம் காற்று. விமானம் பறக்கும் உயரத்தில், வடக்குப் பிரதேசங்களில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று வீசுகிறது. மேற்கே போகும்போது அது எதிர்காற்று. கிழக்கே வரும்போது பின்னாலிருந்து தள்ளும் காற்று. ஆற்றில் ஓடம் விடுகிறவர்களுக்கு இது புரியும்.

இன்னொன்று, பூமி உருண்டை. தாளில் அச்சடித்த வரைபடத்தில் நேர்க்கோடாகத் தெரிவது உண்மையில் குறுக்கு வழி அல்ல. ஓர் உருண்டையான பூசணிக்காயின் மேல் இரண்டு புள்ளி வைத்து நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியில் படிகிறதோ, அதுதான் மிகக் குறைந்த தூரம். அதனால்தான் தொலைதூர விமானங்கள் வரைபடத்தில் வளைந்து போவதுபோல் தெரிகின்றன.

கடிகாரமும் ஆளை ஏமாற்றும். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி முந்தியது. துபாய் நேரம் ஒன்றரை மணி பிந்தியது. திருச்சியில் இரவு 10 மணிக்குப் புறப்படுகிற இருவர், நான்கு மணி நேரம் பறந்து இறங்கும்போது, சிங்கப்பூரில் கடிகாரம் அதிகாலை 4.30 காட்டும். துபாயில் இரவு 12.30 காட்டும். இருவரும் ஆகாயத்தில் இருந்தது ஒரே நான்கு மணி நேரம்தான். டிக்கெட்டில் உள்ள நேரங்களைக் கழித்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

பெற்ற பிள்ளையைக் கொடுத்ததுபோல

1953ஆம் ஆண்டு அரசாங்கம் விமானக் கம்பெனிகளை எல்லாம் தேச உடைமை ஆக்கியது. அந்த முடிவு ஜே. ஆர். டி.க்கு உடன்பாடு இல்லை. மனம் வருந்தினார். இருந்தாலும் ஏர் இந்தியாவின் தலைவராக இருக்கும்படி அரசு கேட்டபோது மறுக்கவில்லை. தம் கையை விட்டுப் போனாலும் பிள்ளை நன்றாக வளர வேண்டும் என்று நினைக்கும் தகப்பன்போல, 25 ஆண்டுகள் அதை வளர்த்தார்.

விமானத்தில் ஏறினால் அவர் சும்மா உட்காரமாட்டார். திரைச்சீலை கசங்கியிருக்கிறதா, காப்பி சூடாக இருக்கிறதா, கழிவறை சுத்தமாக இருக்கிறதா என்று பார்ப்பார். குறைகளைக் குறித்துக்கொள்வார். திரும்பியதும் உரியவர்களுக்கு எழுதி அனுப்புவார். குறித்த நேரத்துக்குப் புறப்படுவதும் சேருவதும் பயணிக்குக் கொடுத்த வாக்கு என்பது அவர் கொள்கை.

1978ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள், ஏர் இந்தியாவின் பெரிய போயிங் 747 விமானம் ஒன்று பம்பாய்க் கடலில் விழுந்து 213 பேர் மாண்டார்கள். அடுத்த மாதமே ஜே. ஆர். டி. தலைவர் பதவியிலிருந்து அரசாங்கத்தால் விலக்கப்பட்டார். 46 ஆண்டுகள் கட்டிக் காத்த இடத்திலிருந்து வெளியேறினார். கோபத்தில் எதையும் கெடுக்க முனையவில்லை.

78 வயதில் மீண்டும்

1982ஆம் ஆண்டு அக்டோபர் 15ந் தேதி. முதல் தபால் விமானம் பறந்து சரியாக 50 ஆண்டுகள். ஜே. ஆர். டி.க்கு வயது 78. பழைய காலத்து லெப்பர்ட் மாத் விமானம் ஒன்றில் தனியாக ஏறி உட்கார்ந்தார். கராச்சியில் கிளம்பி, ஆமதாபாத்தில் இறங்கி, பம்பாய் வந்து சேர்ந்தார்.

50 ஆண்டுகளில் எத்தனை மாற்றம்! ஒரே நாடாக இருந்தது இரண்டு நாடாகிவிட்டது. ஜெட் விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள் தாண்டிவிடும் தூரத்தை அவர் மெதுவாகவே கடந்தார். வேகம் காட்டுவது அவர் நோக்கம் அல்ல. பெரிய காரியங்கள் சிறிதாகத்தான் தொடங்கின என்பதை இளைஞர்கள் கண்ணால் காண வேண்டும் என்பதே அவர் ஆசை.

டாட்டா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், சமூக அறிவியல் கல்வி நிலையம் ஆகியவை எழவும் வளரவும் துணை நின்றவர் அவர். 1992ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது அவரை வந்தடைந்தது. 1993ஆம் ஆண்டு நவம்பர் 29ந் தேதி ஜெனீவா நகரில் காலமானார். பிறந்த பாரீசிலேயே, பெர் லாஷேஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருக்குக் குழந்தைகள் இல்லை. அவர் வளர்த்த ஏர் இந்தியா, 2022ஆம் ஆண்டு ஜனவரியில் டாட்டா நிறுவனத்திடமே திரும்பி வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நான்கு மணி நேரம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அந்த நான்கு மணிக்குள் விமானி இருக்கிறார். என்ஜினைச் சோதிக்கும் மெக்கானிக் இருக்கிறார். இரவில் விழித்திருந்து வழி சொல்பவர் இருக்கிறார். அன்று ஆமதாபாத் திடலுக்கு நேரம் தவறாமல் மாட்டு வண்டி ஓட்டி வந்த, பெயர் தெரியாத அந்த வண்டிக்காரருக்கும் அதில் பங்கு உண்டு. அவர் தாமதித்திருந்தால், அந்தத் தபால் விமானமும் தாமதித்திருக்கும்.

தூரத்தை யாராலும் குறைக்க முடியாது. அவரவர் வேலையை அவரவர் நேரத்தில் செய்தால், காத்திருக்கும் காலத்தைக் குறைக்கலாம். ஜே. ஆர். டி. டாட்டாவின் வாழ்க்கை சொல்லும் பாடம் இதுவே.